ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்: தொற்றா நோய்த் தடுப்பில் சமூகத்தின் பங்கு என்ன?

புது டெல்லி: நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர். மேலும் 13.6 கோடி பேர் அந்நோய்க்கு முந்தைய நிலையில் உள்ளனர். உயர் ரத்த அழுத்தம் உள்ளோரின் எண்ணிக்கை 31.5 கோடி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நிதியுதவியுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் மதிப்பீடுகள் இவை. 31 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் 1.13 லட்சம் பேரைப் பரிசோதித்துப் பெற்ற இந்த முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளியாயின.

இந்த நோய்களில் பெரும்பகுதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. உடலுழைப்பும் சரியான உணவுமே வழி என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதே கேள்வி. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே 'நடங்கள், உணவைக் கட்டுப்படுத்துங்கள்' என்று அறிவுறுத்துவது போதுமா, அல்லது தெரு, பள்ளி, பணியிடம், சந்தை எல்லாம் சேர்ந்து மாற வேண்டுமா? இதற்கு விடை தரும் அனுபவங்கள் இந்தியாவிலேயே உள்ளன.

எண்கள் உணர்த்துவது என்ன?

'இண்டியாப்' ஆய்வின்படி நீரிழிவு அதிகம் காணப்படுவது கோவாவில் (26.4 சதவீதம்). புதுச்சேரியும் (26.3 சதவீதம்) கேரளமும் (25.5 சதவீதம்) அடுத்த இடங்களில் உள்ளன. மிகக் குறைவாக 4.8 சதவீதம் பதிவானது உத்தரப் பிரதேசத்தில். ஆனால் இதைக் கொண்டு அம்மாநிலம் நிம்மதி அடைய இயலாது. அங்கே நோய்க்கு முந்தைய நிலையில் இருப்போர், நோயாளிகளைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் உள்ளனர். தென் மாநிலங்கள் ஏற்கெனவே கடந்துவிட்ட வாசலில் வட மாநிலங்கள் இப்போது நிற்கின்றன என்பதே இதன் பொருள்.

உடலுழைப்பு குறைந்துவரும் வேகமும் கவலைக்குரியது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெரியவர்களில் போதிய உடலுழைப்பு இல்லாதோர் 2000-ஆம் ஆண்டில் சுமார் 22 சதவீதமாக இருந்தனர். 2022-இல் இது ஏறத்தாழ 50 சதவீதமாக உயர்ந்தது. பெண்களில் 57 சதவீதத்தினரும் ஆண்களில் 42 சதவீதத்தினரும் இந்த வகையில் வருகின்றனர். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பதே இங்குப் பயன்படுத்தப்படும் அளவுகோல். அதாவது, வாரத்தில் ஐந்து நாள்கள் அரை மணி நேர வேக நடை.

உடலுக்குள் நடப்பது என்ன?

உண்ணும் சோறும் சப்பாத்தியும் செரிமானமாகிச் சர்க்கரையாக ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் பெரிய களஞ்சியம் உடலின் தசைகளே. இன்சுலின் என்ற ஹார்மோன், தசைச் செல்களின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே அனுப்புகிறது. உடல் உழைக்காமல் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும்போது, இன்சுலினுக்கு அந்தக் கதவுகள் எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகிறது. அப்போது ரத்தத்தில் சர்க்கரை தேங்கி நோயாகிறது.

நடக்கும்போது சுருங்கி விரியும் தசைகள், இன்சுலினின் உதவியின்றியே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறன் பெற்றவை. உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பது ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதற்கு இதுவே காரணம்.

இந்தியர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில், இந்தியர்களின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே ஒல்லியாகத் தோன்றுபவரும் பாதுகாப்பானவர் என்று கூற இயலாது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை தேவை என்பது இந்தியர்களுக்கான வரையறை.

பழக்க மாற்றம் உண்மையில் பலன் தருமா?

தரும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. சீனாவின் டாசிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 577 பேர் சேர்க்கப்பட்டனர். ஆறு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்களை மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வருவது சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது, 30 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்ததில் தெரியவந்தது.

இந்தியாவில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவைச் சீராக்கி, அன்றாடம் அரை மணி நேரம் நடந்தவர்களில் இது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். நடையோடு மாத்திரையையும் சேர்த்தபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு இல்லாமலேயே இந்தப் பலன் கிட்டியது, எடை குறையவில்லையே என்று பாதியில் கைவிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்படியெனில் சமூக முயற்சி எதற்கு?

இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களுக்குத் தனிப்பட்ட ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் கிடைத்தன. 13.6 கோடி பேருக்கு அவ்வாறு ஆலோசனை வழங்க எந்த நாட்டின் மருத்துவக் கட்டமைப்பாலும் இயலாது.

இரண்டாவது காரணத்தை பிரிட்டன் நோய்ப்பரவியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் விளக்கினார். மிக அதிக ஆபத்தில் இருப்போர் ஒரு சமூகத்தில் சிலரே; நடுத்தர ஆபத்தில் இருப்போரோ பலர். ஆகவே மாரடைப்புகளில் பெரும்பகுதி நிகழ்வது இந்தப் பலரிடையேதான். சிலரைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதோடு, ஊர் முழுவதும் உப்பையும் எண்ணெயையும் சிறிதளவு குறைத்து, சற்றே கூடுதலாக நடந்தாலும் நோயின் மொத்தச் சுமை பெருமளவு குறையும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

இதை நடைமுறையில் காட்டியது ஃபின்லாந்தின் வடக்கு கரேலியா மாகாணம். 1970-களின் தொடக்கத்தில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் தொடர்ந்து உயிரிழந்தனர். மக்கள் பிரதிநிதிகள் அரசிடம் முறையிட்டதன் விளைவாக, 1972-இல் இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. இல்லத்தரசிகளின் அமைப்பு சமையல் முறையை மாற்றக் கற்றுக்கொடுத்தது. வெண்ணெயின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்தது. விவசாயிகள் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஊக்குவிக்கப்பட்டனர். நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு விகிதம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புகைப்பழக்கக் குறைவும் மேம்பட்ட சிகிச்சையும் இதில் பங்கு வகித்தன. ஆனால் தொடக்கம் மருத்துவமனையில் அன்று, சமையலறையிலும் சந்தையிலும் நிகழ்ந்தது.

ஒரு குடியிருப்பு கட்டிய பூங்கா

இந்தியாவில் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு சென்னை ஆசியாட் காலனி. 1990-களின் பிற்பகுதியில் நகரின் இரண்டு குடியிருப்புகளில் நீரிழிவு குறித்த ஆய்வு ஒன்று நடைபெற்றது. ஒன்று நடுத்தர வருவாய்ப் பிரிவினர் வாழும் ஆசியாட் காலனி. மற்றொன்று குறைந்த வருவாய்ப் பிரிவினர் வாழும் பாரதி நகர். ஆய்வுக் குழுவினர் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பின், ஆசியாட் காலனி மக்கள் தாங்களே நிதி திரட்டி நடைப்பயிற்சிக்கான பூங்கா ஒன்றை அமைத்தனர். அதற்கு முன் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். பூங்கா வந்தபின் அது 58.7 சதவீதமாக உயர்ந்தது.

பத்தாண்டு இடைவெளியில் மேற்கொள்ளப்பட்ட மறு ஆய்வின் முடிவுகள் இன்னும் கூர்மையானவை. நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் நீரிழிவு 12.4 சதவீதத்தில் இருந்து 15.4 சதவீதமாக உயர்ந்தது. குறைந்த வருவாய்க் குடியிருப்பில் 6.5 சதவீதமாக இருந்த நோய் 15.3 சதவீதத்தைத் தொட்டது. முதற்குடியிருப்பில் உயர்வு ஏறத்தாழ கால் பங்கு. இரண்டாவதில் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த வேறுபாட்டுக்குப் பூங்கா ஒன்றே காரணம் என்று முடிவுகட்ட இயலாது. வருவாயும் உணவும் தொழிலும் அந்தப் பத்தாண்டுகளில் மாறியிருக்கின்றன. எனினும் 'பணக்காரர் நோய்' என்று ஒருகாலத்தில் கருதப்பட்ட நீரிழிவு, ஏழைகளின் வீட்டுக்குள் எவ்வளவு விரைவாக நுழைந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. தங்கள் கைப்பணத்தில் பூங்கா கட்டிக்கொள்ளும் வசதி பாரதி நகர் போன்ற பகுதிகளுக்கு இல்லை. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவருக்கு நீரிழிவு வந்தால், மாத்திரைச் செலவும் பரிசோதனைக்காக இழக்கும் ஒரு நாள் ஊதியமும் அக்குடும்பத்தின் உணவுத் தட்டில் இருந்தே கழிகின்றன. பொது நிதியும் பொது இடமும் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது.

வாக்குச்சாவடி வாரியாக ஒரு முயற்சி

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து நடத்தப்பட்ட நீரிழிவுத் தடுப்புத் திட்டம் மற்றொரு பாடம் தருகிறது. 30 முதல் 60 வயதுக்கு உட்பட்ட, நோய் ஆபத்து அதிகமுள்ள 1,007 பேர் இதில் பங்கேற்றனர். திட்டம் செயல்பட்ட பகுதிகளில் மருத்துவர்களோ செவிலியர்களோ குழுக்களை வழிநடத்தவில்லை. உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்று, ஓராண்டு காலம் தங்கள் அண்டை வீட்டாரைக் கூட்டி வழிநடத்தினர். நடைக்குழுக்கள், யோகா, வீட்டுத் தோட்டப் பயிற்சி ஆகியவை அதன் அங்கங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், திட்டம் செயல்பட்ட பகுதிகளில் 14.9 சதவீதத்தினருக்கும், மற்ற பகுதிகளில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதன்று என்பதை 2018-இல் வெளியான ஆய்வறிக்கை ஒளிவுமறைவின்றிக் குறிப்பிட்டது. அதேசமயம் பழம், காய்கறி உண்பது கூடியது. மது அருந்துவது குறைந்தது. நோய் ஆபத்து மதிப்பெண்ணும் இறங்கியது.

நாட்டின் பல பகுதிகளில் உள்ள 7 தொழிலகங்களில், தொழிலாளர்களையும் அவர்களது குடும்பத்தினரையும் உள்ளடக்கி நடந்த திட்டம் ஒன்றின் முடிவுகள் 2009-இல் வெளியாயின. அங்கே உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் ஆகியவை குறைந்தன. ஒரே வளாகம், ஒரே உணவகம், ஒரே நிர்வாகம் என்ற சூழலில் மாற்றம் எளிதாகிறது. சிதறிக் கிடக்கும் ஊரில் அதற்குக் கூடுதல் காலமும் தொடர்ச்சியும் தேவைப்படுகின்றன. ஓராண்டில் முடிந்துவிடும் திட்டங்களிடம் பெரும் பலனை எதிர்பார்க்க முடியாது என்பதே இரண்டையும் ஒப்பிடுவதால் கிடைக்கும் பாடம்.

உணவுத் தட்டில் என்ன மாற வேண்டும்?

இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருவதாக 'இண்டியாப்' ஆய்வின் உணவு குறித்த பகுதி, 2025-இல் தெரிவித்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை மாவு, சர்க்கரை. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்தைச் சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்ற புரத உணவுகளைச் சேர்ப்பதே பயன் தரும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதையே வலியுறுத்துகின்றன. நாட்டின் நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுப் பழக்கத்தால் விளைவது என அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது பரிந்துரைக்கும் அளவுகள்:

• கீரை உட்பட காய்கறிகள்: 400 கிராம்
• பழங்கள்: 100 கிராம்
• தானியங்கள்: 250 கிராம்
• பருப்பு, பயறு வகைகள்: 85 கிராம்
• பால் அல்லது தயிர்: 300 மில்லிலிட்டர்
• கொட்டைகள், விதைகள்: 35 கிராம்
• எண்ணெய், கொழுப்பு: 27 கிராம்

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வின்படி இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் உட்கொள்கின்றனர். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

இந்த அளவுகளை அன்றாடம் தராசில் நிறுத்துப் பார்ப்பது கடினம். மாத மளிகைக் கணக்கே எளிய வழி. நால்வர் கொண்ட குடும்பம் மாதத்துக்கு அதிகபட்சம் சுமார் மூன்றரை லிட்டர் எண்ணெயும் 600 கிராம் உப்பும் பயன்படுத்தினால் மேற்கண்ட வரம்புக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். வெளியே உண்ணும் பலகாரங்கள் இதற்கு மேலானவை என்பதையும் மறக்கக் கூடாது.

அரசுத் திட்டங்கள் எங்கே நிற்கின்றன?

தொற்றா நோய்களைக் கட்டுப்படுத்துவதற்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டது. இதன்கீழ் 30 வயதைக் கடந்த அனைவரும் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையை ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப்படும் நலவாழ்வு மையங்களில் செய்துகொள்ளலாம். ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, ஒவ்வொருவரின் வயது, புகையிலைப் பழக்கம், இடுப்புச் சுற்றளவு, உடற்பயிற்சி போன்ற விவரங்களைப் பதிவு செய்து மதிப்பெண் இடுகின்றனர். அதில் 4-க்கு மேல் பெறுவோர் முன்னுரிமை அடிப்படையில் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றனர்.

உடலுழைப்பை ஊக்குவிக்க 'ஃபிட் இந்தியா' இயக்கம் 2019 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் 'ஈட் ரைட் இந்தியா' இயக்கத்தை முன்னெடுத்தது. எண்ணெய், கொழுப்புகளில் செயற்கை டிரான்ஸ் கொழுப்பின் அளவு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. யாரும் தம் மன உறுதியைச் செலவிடாமலேயே, நாடு முழுவதும் உள்ள சமையலறைகளுக்குப் பாதுகாப்பு தரும் நடவடிக்கை இது. பள்ளிகளில் மாணவர்கள் உண்ணும் சர்க்கரையின் அளவைக் காட்டும் 'சர்க்கரைப் பலகைகள்' வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் அறிவுறுத்தியது.

தடையாக இருப்பவை எவை?

நடக்கச் சொல்வது எளிது. நடக்க இடம் வேண்டும். பல நகரங்களில் நடைபாதைகள் வாகன நிறுத்துமிடமாகவோ கடையாகவோ மாறியுள்ளன. தெருவிளக்கு இல்லாத சாலையில், விடியலுக்கு முன்போ அந்தி சாய்ந்த பின்போ பெண்கள் தனியே நடக்கத் தயங்குகின்றனர். வீட்டு வேலையும் குழந்தை, முதியோர் பராமரிப்பும் முடிந்த பின் அவர்களுக்குக் கிடைக்கும் நேரமும் அதுவே. உடலுழைப்பில் ஆண், பெண் இடையே காணப்படும் 15 சதவீதப் புள்ளி இடைவெளியைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. ஹரியாணாவின் குருகிராமில் 2013 நவம்பரில் தொடங்கிய 'ராஹ்கிரி' நிகழ்வு, ஞாயிறு காலைகளில் சில சாலைகளை வாகனங்களுக்கு மூடி, மக்கள் நடக்கவும் ஓடவும் மிதிவண்டி ஓட்டவும் திறந்துவிட்டது. பின்னர் வேறு பல நகரங்களும் அதைப் பின்பற்றின. பூங்கா திறந்திருக்கும் நேரத்தை நீட்டிப்பது, பள்ளி மைதானத்தை மாலையில் அப்பகுதி மக்களுக்குத் திறப்பது, பெண்கள் குழுவாக நடக்க ஏற்பாடு செய்வது ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

உணவிலும் இதே நிலைதான். சர்க்கரையும் எண்ணெயும் மலிவு. பழமும் காய்கறியும் பருப்பும் விலை கூடியவை. பொது விநியோகத் திட்டத்தில் பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடம், மதிய உணவில் காய்கறி எவ்வளவு என்பன போன்ற முடிவுகள், மருத்துவமனைகளில் எடுக்கப்படாத மருத்துவ முடிவுகளே.

எங்கிருந்து தொடங்கலாம்?

தனது ஆபத்தை அறிய ஒருவருக்கு அளவு நாடா ஒன்றே போதும். இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறை, வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கை மட்டுமே கேட்கிறது. மொத்தம் 100 மதிப்பெண்களில் 60 அல்லது அதற்கு மேல் பெறுவோர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். வயதையும் பிறப்பையும் மாற்ற முடியாது. ஆனால் இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பின்மைக்கு 30 என, 50 மதிப்பெண்கள் மாற்றத்துக்கு உட்பட்டவை.

குடியிருப்போர் நலச் சங்கங்கள், சுய உதவிக் குழுக்கள், ஊராட்சிகள் ஆகியவை நடைக்குழு அமைப்பது, ஆண்டுக்கு ஒருமுறை அனைவருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்வது, கூட்டங்களில் இனிப்புக்கும் குளிர்பானத்துக்கும் மாற்றாகப் பழமும் சுண்டலும் வழங்குவது எனத் தொடங்கலாம். இதயநோய், காலில் ஆறாத புண் உள்ளவர்களும், இன்சுலின் எடுத்துக்கொள்வோரும் மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே புதிய பயிற்சியைத் தொடங்க வேண்டும். மருந்து உட்கொள்வோர் நடைப்பயிற்சியை நம்பித் தாமாகவே மருந்தை நிறுத்தக் கூடாது.

ஆசியாட் காலனி மக்கள் தங்கள் பணத்தில் கட்டிக்கொண்ட பூங்காவை, பாரதி நகர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள்தான் கட்டித் தர வேண்டும். நடக்க வேண்டிய கால்கள் மக்களுடையவை. நடக்கும் பாதையைச் செப்பனிடுவது நிர்வாகத்தின் கடமை. இரண்டும் ஒருசேர நிகழும் இடங்களில்தான் நோயின் வாசலில் நிற்கும் 13.6 கோடி பேரில் கணிசமானோர் அந்த வாசலைக் கடக்காமலே திரும்பி வர முடியும்.